அழைப்பும் அழுத்தமும்: கண்டிச் சீமையில் நற்செய்திப் பணி பற்றிய ஓர் அறநோக்கு

ஒருவன் தான் உண்மையெனக் கண்டதைப் பிறனுக்கு எடுத்துரைப்பது குற்றமாகுமா? ஆகாது என்றே பெரும்பாலோர் விடையளிப்பர். உண்மையென நம்புவதை மறைத்துவைப்பதே குற்றம் என்பாரும் உளர். ஆயின், எடுத்துரைப்பவன் கையில் உணவும் மருந்தும் பள்ளிக்கூடமும் இருக்க, கேட்பவனிடம் அவற்றுள் ஒன்றுமே இல்லாதிருப்பின், அதே வினா வேறொரு வடிவம் கொள்கின்றது. அப்போது பேசப்படுவது ஒரு செய்தி மாத்திரமன்று. பேசுபவனுடைய வலிமையும் அதனோடு சேர்ந்தே பேசுகின்றது. கேட்பவன் தலையசைப்பது செய்திக்கா, வலிமைக்கா என்பதைச் சில வேளைகளில் அவனே அறியான்.

கிறிஸ்தவ சமயத்தைப் பொறுத்தவரை, நற்செய்தியை அறிவிப்பது விரும்பினாற் செய்யத்தக்க துணைப்பணியாகக் கருதப்படுவதன்று. எல்லா மக்களிடத்தும் செல்லுமாறு தம் ஆண்டவர் பணித்தார் என்பது அச்சமயத்தவரின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்று. ஆகவே, 'உங்கள் சமயத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பிறரிடம் பேசாதீர்கள்' என்று அவர்களிடம் கூறுவது, அவர்களுடைய சமயத்தில் ஒரு பாதியைக் கைவிடுமாறு கூறுவதற்கு ஒப்பாகும். மேலும், சமயத்தைப் பரப்புதல் இலங்கைக்குப் புதியதும் அன்று. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் மகிந்த தேரர் வழியாகப் பௌத்தம் இத்தீவுக்கு வந்ததும் ஒரு பரப்புதலே. அதுவும் அரண்மனை வாயில் வழியாகவே ஊருக்குட் புகுந்தது என்று இலங்கையின் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எனவே, பரப்பலாமா என்பதைவிட, எந்நிலையில் நின்று, எவரிடம், எவ்வாறு பரப்புவது அறமாகும் என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கண்டி மிகப் பொருத்தமானதொரு களம். தலதா மாளிகையும் அதன் அருகிலேயே ஆங்கிலேயர் எழுப்பிய புனித பவுல் ஆலயமும், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களும் நடந்து செல்லும் தூரத்திலே அமைந்துள்ளன. நகரைச் சூழ்ந்த மலைகளிலே தமிழ்த் தொழிலாளர் வாழும் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. அம்பிட்டியவிலும் பிலிமத்தலாவையிலும் குருமாரைப் பயிற்றும் நிலையங்கள் உள்ளன. கடந்த முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, நற்செய்திப் பணியின் ஏறத்தாழ எல்லா வகைகளும் இச்சிறிய நிலப்பரப்பிலே பரீட்சிக்கப்பெற்றுள்ளன எனலாம்.

முதலில், ஒன்றற்கொன்று நேர்மாறான இரு நிலைகளை ஒப்புநோக்குதல் தகும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தர் கையில் இருந்தன. அவர்கள் தங்கள் சீர்திருத்தத் திருச்சபையை அரசாங்கத்தின் ஓர் உறுப்பாகவே நடத்தினர். திருமுழுக்கும் திருமணப் பதிவும், சொத்துரிமையும் உத்தியோகமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. பள்ளிக்கூடமே கோவிலாகவும் பதிவகமாகவும் விளங்கிற்று. இதன் விளைவாக ஏடுகளிற் கிறிஸ்தவர் தொகை பெருகியது. ஆனால் 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்று, ஆங்கிலேயர் காலத்தில் அக்கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, அத்தொகையிற் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள்ளேயே கரைந்துபோயிற்று. யாழ்ப்பாணத்திற் பகலிலே தேவாலயத்துக்குச் சென்றவர்கள் இரவிலே வீட்டினுள் விபூதி தரித்தனர் என்று வழங்கும் செய்திகள், அம்மக்களின் வஞ்சகத்தைக் காட்டுவனவாக அடிக்கடி எடுத்துக்கூறப்படுவதுண்டு. உண்மையில் அவை காட்டுவது, 'இல்லை' என்று கூற வாய்ப்பில்லாதவன் கூறும் 'ஆம்' எத்துணைப் பெறுமதி உடையது என்பதையே.

அதே காலத்திற் கண்டி இராச்சியத்தில் நிகழ்ந்தது வேறு. கோவாவைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் 1687இல், கத்தோலிக்கக் குருமாருக்கு ஒல்லாந்தர் விதித்திருந்த தடையை மீறி, ஏழைத் தொழிலாளி போல வேடம் பூண்டு இலங்கைக்கு வந்தார். தமிழையும் சிங்களத்தையும் பயின்றார். 1692இற் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேயரின் ஒற்றர் என ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர். அவருக்குப் பின்னே படையும் இல்லை, கப்பலும் இல்லை. அந்நாட்டில் அவர் உயிர்வாழ்வதே இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் தயவிலே தங்கியிருந்தது. 1697இல் அம்மை நோய் நகரிற் பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டு அகன்ற வேளையில், அவரும் அவருடைய தோழரும் சமய வேறுபாடு பாராது நோயாளரைப் பராமரித்தனர், இறந்தோரை அடக்கஞ் செய்தனர். மன்னன் அவரைப் போற்றினான். பணி செய்ய இடமளித்தான். ஆனால் பௌத்தனாகவே இருந்தான். அரக்கானிலிருந்து பிக்குமாரை வரவழைத்து, நலிந்திருந்த உபசம்பதா நெறியைப் புதுப்பித்தவனும் அவனே. அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலே காலமானார். 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015இற் புனிதராகவும் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அறிவித்தது.

இவ்விரு நிலைகளுக்குமுள்ள வேறுபாடு யாது? செய்தியின் உள்ளடக்கத்தில் வேறுபாடு உண்டெனினும், அது சமயத் தத்துவஞ் சார்ந்தது. அறநோக்கில் வேறுபாடு பேசுபவன் நின்ற இடத்திலே உள்ளது. ஒல்லாந்த உபதேசியாரிடம் 'இல்லை' என்றவன் காணியையும் உத்தியோகத்தையும் இழந்தான். வாஸ் அடிகளாரிடம் 'இல்லை' என்றவன் எதையும் இழக்கவில்லை. இழப்பு ஏற்படுமாயின் அது அடிகளாருக்கே ஏற்பட்டிருக்கும். இதிலிருந்து ஓர் அளவுகோலைத் தற்காலிகமாக வகுத்துக்கொள்ளலாம்: கேட்பவன் எவ்வித இழப்புமின்றி மறுக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதுதான் அழைப்பு அழைப்பாகும். மறுப்புக்கு விலை உண்டாயின், அது எத்துணை இனிய சொற்களால் ஆனதாயினும் அழுத்தமேயாகும்.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டை நோக்கலாம். 1815இற் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. பௌத்த சமயம் மீறப்படாது காக்கப்படும் என அவ்வாண்டு உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு உறுதி கூறியது. எனினும், நாளடைவில் மிஷனரிமாரின் பாடசாலைகளும் ஆலயங்களும் மலைநாட்டிற் பெருகின. 1854இற் புனித அந்தோனியார் கல்லூரியும், 1872இற் பின்னாளிலே திரித்துவக் கல்லூரி எனப் பெயர்பெற்ற பாடசாலையும், 1879இல் மகளிர் உயர்தரப் பாடசாலையும், 1891இற் கிங்ஸ்வூட் கல்லூரியும் தோன்றின. ஆங்கிலக் கல்வியே உத்தியோகத்துக்கு வழி என்றிருந்த காலத்தில், பௌத்தப் பெற்றோரும் இந்துப் பெற்றோரும் இவற்றின் வாயிலிலே காத்து நின்றனர். அவ்வாயிலில் நின்று கேட்ட செய்திக்கு அவர்கள் தடையின்றி 'இல்லை' சொல்ல முடிந்ததா என்பது ஐயத்துக்குரியது.

ஆயினும் ஒரு பகுதியினர் விரைவிலேயே அவ்வல்லமையைப் பெற்றனர். 1871இற் கண்டிக்கு அண்மையிலுள்ள கம்பளையிலும், 1873இற் பாணந்துறையிலும் பௌத்த பிக்குமாரும் கிறிஸ்தவப் போதகரும் பொதுமக்கள் முன்னிலையில் வாதம் புரிந்தனர். மொகொட்டிவத்தே குணானந்த தேரரின் வாதத்திறன் நாடறிந்ததாயிற்று. வாதத்தில் எவர் வென்றார் என்பது இங்கு முக்கியமன்று. இரு தரப்பினரும் ஒரே மேடையிற் சமமாக நின்றனர். கேட்டவர்கள் இரு பக்கமும் கேட்டனர். 1887இற் கண்டியிலே தர்மராஜக் கல்லூரி தொடங்கப்பெற்றபோது, மறுப்பதற்கான உரிமைக்கு ஒரு கட்டடமும் கிடைத்தது எனலாம். யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கியதன் பொருளும் இதுவே. பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். மிஷன் பாடசாலையை ஏசிக்கொண்டிருப்பதனால் மாத்திரம் மாணவன் விடுதலை பெறமாட்டான், செல்வதற்கு மற்றொரு பாடசாலை வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். மனச்சாட்சியின் சுதந்திரம் மனத்தினுள்ளே மாத்திரம் இருப்பதன்று. அதற்குக் கூரையும் சுவரும் வேண்டும்.

அக்கூரையும் சுவரும் கிடைக்கப்பெறாத ஒரு மக்கட் கூட்டம் அதே மலைகளில் வாழ்ந்தது. கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே அவர்கள். இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி முதலாய மாவட்டங்களிலிருந்து 'கண்டிச் சீமை' நோக்கிப் புறப்பட்டவர்களுட் பலர் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய காட்டுப்பாதையிலேயே மடிந்தனர். எஞ்சியோர் லயன் அறைகளிற் குடியேறினர். இவர்களிடையே பணிபுரிவதற்கென 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பெற்றது. தோட்டத் துரைமார் சிலரே அதற்கு முன்னின்று பணம் வழங்கினர். சர்ச் மிஷனரி சங்கம் மேற்பார்வை செய்தது. உபதேசியார் திருநெல்வேலியிலிருந்து அழைக்கப்பெற்றனர். பிற்காலத்தில் 'கூலி' என்னும் சொல் அம்மிஷனின் பெயரிலிருந்து நீங்கியது.

இம்மிஷனை எளிதாகப் பழித்துவிட முடியாது. தொழிலாளியின் பிள்ளைக்கு எழுத்தறிவு வேண்டும் என்று எவரும் எண்ணாத காலத்தில், லயன்களுக்கிடையே சிறு பள்ளிகளை அமைத்தவர்களுள் இவர்களும் அடங்குவர். தொழிலாளியின் மொழியிலே அவனோடு பேசிய படித்த மனிதர், கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் நீக்கிப் பார்த்தால், பெரும்பாலும் உபதேசியார் ஒருவரே. தம் சொந்த ஊரை விட்டு அட்டைக் கடிக்கும் காய்ச்சலுக்கும் இடையே மலை மலையாக நடந்த அவ்வுபதேசியாரின் நேர்மையை ஐயுறுவதற்கும் இடமில்லை.

எனினும், அவர் எவ்வழியாகத் தோட்டத்துக்குள் நுழைந்தார் என்ற வினா எஞ்சுகின்றது. துரையின் இசைவின்றித் தோட்டத்துக்குள் எவரும் நுழைய முடியாது. மிஷனுக்குப் பணம் கொடுத்தவரும் துரையே. தொழிலாளியின் பேர்போட்டவரும் சம்பளத்தைத் தீர்மானித்தவரும் துரையே. ஆகவே உபதேசியார் எத்துணை அன்போடு பேசினாலும், அவருக்குப் பின்னாலே துரையின் நிழல் விழுந்துகொண்டிருந்தது. அந்நிழல் இருவகையில் வேலை செய்தது. கேட்பவன் அஞ்சித் தலையசைக்கலாம் என்பது ஒன்று. பேசுபவர் எதைப் பேசலாம் என்பதை அந்நிழலே வரையறுத்தது என்பது மற்றொன்று. பாவத்தைப் பற்றி லயனிலே பேசலாம்; துண்டையும் கடனையும் பற்றிப் பங்களாவிலே பேச முடியுமா? சம்பளப் பாக்கியைப் பற்றியும், கங்காணியின் கடனிலே தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த குடும்பங்களைப் பற்றியும் கேள்வி எழுப்பும் நற்செய்தியை எந்தத் துரை பணம் கொடுத்து வளர்ப்பான்? வலியவனின் செலவில் எளியவனிடம் செல்லும் செய்தி, வலியவனைப் பற்றிய பகுதியை வழியிலே எங்கோ தொலைத்துவிடுகின்றது. கேட்பவனுக்கு இழைக்கப்படும் அநீதி ஒருபுறமிருக்க, அச்செய்திக்கே இழைக்கப்படும் அநீதியும் இதுவாகும்.

பெருந்தொகையான தோட்டத் தொழிலாளர் இந்துக்களாகவே இருந்துவிட்டனர். மாரியம்மனும் முனியாண்டியும் லயன்களுக்கு மேலே மரத்தடியிலும் சிறு கோவிலிலும் நிலைத்தனர். அவர்களை அறியாமையிற் பிடிவாதமுற்றோர் என்று கருதியவர் உண்டு. காணியும் வீடும் ஊதியமும் நடமாட்டமும் பிறர் கையில் இருக்க, அம்மக்களுக்கென எஞ்சியது அவர்களுடைய வழிபாடு ஒன்றே என்று எண்ணிப் பார்ப்பின், அந்தப் 'பிடிவாதம்' வேறு வகையாகத் தோன்றும். 'இல்லை' என்று அவர்கள் சொல்லக்கூடிய ஒரேயிடம் அதுவாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரிமாருள்ளேயே புதிய எண்ணங்கள் தோன்றின. 1904 முதல் 1924 வரை திரித்துவக் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஏ. ஜி. பிரேசர், தாய்மொழியறியாத கல்வி மாணவனைத் தன் மக்களிடமிருந்து பிரித்துவிடும் என்றெண்ணிச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் பாடத்திட்டத்தில் இடமளித்தார். அக்கல்லூரியின் ஆலயத்துக்கு 1923இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1935இல் அது அர்ப்பணிக்கப்பெற்றது. எல். ஜே. காஸ்ரர் அடிகளார் அதனைக் கண்டி மன்னரின் அரச மண்டபத்தைத் தழுவி, செதுக்கிய கற்றூண்களும் திறந்த பக்கங்களும் உடையதாக அமைத்தார். டேவிட் பெயின்ரர் அதன் சுவரில் வரைந்த ஓவியங்களில் விவிலிய மாந்தர் இந்நாட்டு முகங்களோடு, இந்நாட்டு நிலக்காட்சிகளின் நடுவே நிற்கின்றனர்.

இத்தகைய பண்பாட்டுத் தழுவலைப் போற்றுவோரும் ஐயுறுவோரும் உளர். தமிழ்நாட்டில் 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் எனும் றொபேட் டி நொபிலி, துறவி வேடம் பூண்டு மரக்கறி உணவு கொண்டு வாழ்ந்த நாள் முதல் இவ்விவாதம் தொடர்கின்றது. மரியாதையா, மாறுவேடமா என்பதே விவாதத்தின் சாரம். உருவத்தை மாத்திரம் நோக்கி இதற்கு விடை காண இயலாது. தூணும் ஓவியமும் கேட்பவனின் பண்பாட்டை மதிக்கலாம். அவனுடைய மறுப்பை மதிக்கின்றனவா என்பதை அவை கூறமாட்டா. மலைநாட்டுக் கலையைப் போற்றிய சமூகம் மலைநாட்டு மக்களின் வாழ்க்கையைப் போற்றாதிருக்கவும் கூடும். அவ்வாலயம் எழுந்த ஆண்டுகளிற் சுற்றியிருந்த தோட்டங்களில் லயன் அறை லயன் அறையாகவே இருந்தது.

நிலைமையைப் பெரிதும் மாற்றியவை 1948இன் பின்னர் நிகழ்ந்தவை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்களாகப் பங்கிட்டது. மறுபுறம், 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, திருச்சபைகள் தமது செல்வாக்கின் பெரும் தூணொன்றை இழந்தன. அதனை ஒரு பேரிழப்பாகவே அக்காலக் கிறிஸ்தவர் கருதினர். ஆனால் இக்கட்டுரையின் அளவுகோலின்படி, அது அவர்களுக்குக் கிடைத்த ஓர் அறவாய்ப்பும் ஆகும். கையில் ஒன்றுமில்லாதவனாகப் பேசும் நிலை, வாஸ் அடிகளார் நின்ற நிலை, அவர்களுக்கு மீண்டும் கிட்டிற்று.

அவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டோரும் இருந்தனர். 1963இற் பிலிமத்தலாவையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த சபைகள் ஒன்றிணைந்து, சிங்களத்திலும் தமிழிலும் குருமாரைப் பயிற்றும் இறையியற் கல்லூரியைத் தொடக்கின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இற் பிற சமயங்களிலுள்ள உண்மையையும் புனிதத்தையும் மதிக்குமாறு கத்தோலிக்கரைப் பணித்தது. 1959 முதற் கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, 1972இற் புதிதாக உருவாகிய பதுளை மறைமாவட்டத்துக்குத் தாமே சென்று எளிய வாழ்வை மேற்கொண்டார். அதே 1972இல் இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் கண்டியிற் 'சத்தியோதய' நிலையத்தைத் தொடக்கினார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அங்கு சேர்ந்து உழைத்தனர். தோட்ட மக்களின் குடியுரிமை, கூலி, குடியிருப்பு ஆகியவற்றை ஆராய்வதும் அவற்றுக்காகக் குரலெழுப்புவதும் அதன் பணிகளாயின. ஞானஸ்நானம் பெற்றோர் தொகை அங்கு எவராலும் எண்ணப்படவில்லை. துரையின் செலவில் லயனுக்குச் சென்ற பணிக்கும், லயனின் சார்பிலே அதிகாரத்திடம் சென்ற இப்பணிக்கும் இடையே ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இங்கு ஒரு வலிய ஆட்சேபம் எழும். தொண்டு செய்து வாய்மூடி இருப்பதே சிறந்ததாயின், நற்செய்தி என்பதற்கு இடமென்ன? ஏழையிடம் அரிசியைப் பற்றி மாத்திரம் பேசலாம், ஆன்மாவைப் பற்றிப் பேசலாகாது என்பதும் ஏழையை இழிவுபடுத்துவதன்றோ? படித்தவனோடு தத்துவம் வாதிக்கலாம், பாமரனோடு கூடாது என்பவர், பாமரனுக்குச் சிந்திக்கத் தெரியாது என்றே கருதுகின்றனர். 'சோற்றுக்கு மதம் மாறியவர்' என்ற ஏளனச்சொல்லிலும் அதே இழிவு ஒளிந்துள்ளது. 1935இலே இந்துவாக இறக்கமாட்டேன் என அறிவித்து, இருபத்தோராண்டு ஆராய்ந்து, 1956இல் நாகபுரியிலே பெருந்திரளான மக்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கரை எவர் சோற்றுக்கு மாறியவர் என்பர்? ஒடுக்கப்பட்டவனுக்கு மதமாற்றம் சில வேளைகளிலே தன்மானத்தின் குரலாகவும் அமைகின்றது.

இவ்வாட்சேபத்தில் உண்மையுண்டு; அதனை மறுப்பதற்கில்லை. யாழ்ப்பாணத்து மெதடிஸ்தப் போதகரும் உலகத் திருச்சபை இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவருமான டி. ரி. நைல்ஸ் இச்சிக்கலுக்கு ஒரு வழி காட்டினார். நற்செய்தியை அறிவிப்பவன் செல்வந்தனாக நின்று வழங்குபவனல்லன், அவனும் இரந்து பெற்றவனே என்பது அவருடைய கருத்தின் சாரம். பேசுபவன் மௌனம் சாதிக்க வேண்டியதில்லை. மேலிருந்து பேசாதிருத்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும். ஆயின் மேலிருந்து பேசாதிருப்பது பேசுபவனின் மனப்பான்மையை மாத்திரம் பொறுத்ததன்று. கையிலே மருந்துப்பெட்டியோடு நிற்பவன், தன்னை இரவலன் என்று எண்ணிக்கொள்வதனாலேயே இரவலன் ஆகிவிடமாட்டான்.

ஆகவே முன்னர் வகுத்த அளவுகோலைச் சிறிது திருத்த வேண்டியுள்ளது. அம்மை நோயாற் படுக்கையிற் கிடந்தவனும் சுதந்திரமுடையவனல்லன்; அவனைப் பராமரித்த வாஸ் அடிகளாரும் அவனிலும் வலியவரே. கேட்பவனின் தேவை முற்றிலும் நீங்கிய பின்னரே பேசலாம் எனின், உலகில் எவரோடும் எதையும் பேச இயலாது. எனவே தேவை இருப்பது தவறன்று. கொடையைச் செய்தியோடு கட்டிவைப்பதே தவறு. கேட்டாலும் கேளாவிட்டாலும் மருந்து கிடைக்கும் என்பது நோயாளிக்கு ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும்.

அதுவும் போதாது. தமிழ்ப் பண்பாட்டில் நிபந்தனையற்ற உதவியே மிகப்பெரிய கட்டாகும். எதிர்பார்த்துச் செய்யப்பட்ட உதவியைத் திருப்பிச் செலுத்திவிடலாம். எதிர்பாராது செய்யப்பட்டதை எவ்வாறு செலுத்துவது? வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். நன்றி மறத்தலினும் பெரிய குற்றமில்லை என்ற உணர்வு படிப்பறியாத் தொழிலாளியிடத்தும் ஆழ வேரூன்றியுள்ளது. பிள்ளையின் உயிரைக் காத்தவர் ஒரு கூட்டத்துக்கு வருமாறு அழைக்கும்போது, அத்தாய் செல்லாதிருத்தல் அவளுடைய கண்ணிலே ஒரு மறுப்பாக அமையாது, நன்றிகொன்ற செயலாக அமையும். ஆகவே இம்மண்ணிற் பணிபுரிவோருக்கு மற்றோர் கடமையும் உண்டு. உதவி பெற்றவனை நன்றிக்கடனிலிருந்து விடுவித்தல் என்று அதனைக் கூறலாம். உதவிய கையும் அழைக்கும் குரலும் வெவ்வேறாக இருத்தல், உதவிக்கும் உரைக்கும் இடையே காலம் விடுதல், மறுத்தவன் வீட்டுக்கு முன்போலவே செல்லுதல் ஆகியன அதற்கான வழிகளாகும். இவ்வழிகள் பணியைத் தாமதப்படுத்தும் என்பது மெய்யே. ஆயினும் ஒல்லாந்தரின் விரைவு எங்கே முடிந்தது என்பதை வரலாறு கூறியிருக்கின்றது.

இன்றைய சூழலில் இவ்வினா மேலும் கூர்மையடைந்துள்ளது. பழைய திருச்சபைகளைச் சாராத செபக்கூடங்கள் நகரங்களிலும் தோட்டங்களிலும் எழுந்துள்ளன. ஒலிபெருக்கியின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. போதகரின் குரல் லயன் அறைக்குள் எவருடைய இசைவுமின்றி நுழைகின்றது. துரையின் நிழல் மறைந்தது நன்றே. ஆயின் நோயும் கடனும் மறையவில்லை. நோய் நீங்கும், கடன் தீரும் என்ற வாக்குறுதி எவரிடம் அதிகம் எடுபடும் என்பதை ஊகித்தல் கடினமன்று. மருந்தைக் கொடுத்துச் செய்தியைக் கூறிய காலம் போய், செய்தியையே மருந்தாகக் கூறும் காலம் வந்திருப்பின், கட்டிவைத்தல் முன்னிலும் இறுக்கமாகின்றது. அவ்வாறு குணமாகாதவன் தன் நம்பிக்கை போதாதென்று தன்னையே நொந்துகொள்ள நேரிடுவது அதனினும் கொடியது.

இதற்குச் சட்டத்தால் தீர்வு காண முயன்றோரும் உளர். இலங்கை உயர் நீதிமன்றம் 2003இல், கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைக்கும் மசோதா பற்றிய தீர்மானத்தில், சமயத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பு உறுதிசெய்யவில்லை எனக் கொண்டது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு அத்தீர்மானத்தால் அக்கன்னியரின் உரிமை மீறப்பட்டதெனக் கருத்துரைத்தது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்டாய மதமாற்றத் தடை மசோதாவைக் கொணர்ந்தபோது, அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது; அது சட்டமாகவில்லை. தமிழ்நாட்டில் 2002இற் பிறப்பிக்கப்பெற்ற அத்தகைய சட்டம் 2004இல் நீக்கப்பெற்றது.

இவ்வகைச் சட்டங்களின் குறை யாதெனில், அவை ஏழையின் 'இல்லை'யைக் காப்பதாகக் கூறி, அவனுடைய 'ஆம்' என்பதை அதிகாரியின் பரிசோதனைக்கு உட்படுத்துகின்றன. செல்வன் மதம் மாறினால் அது அவன் சிந்தனை. தோட்டத் தொழிலாளி மாறினால் அது எவரோ செய்த சூழ்ச்சி என்ற எண்ணம் அவற்றின் அடியிலே கிடக்கின்றது. மேலும், அழுத்தம் ஒரு திசையிலிருந்து மாத்திரம் வருவதில்லை. மதம் மாறியவனைத் தண்ணீர்க் குழாயடியிலும் சாவீட்டிலும் ஒதுக்கிவைக்கும் ஊரும், செபக்கூடத்தின் மீது கல்லெறியும் கூட்டமும் அதே அளவுகோலின்படி குற்றவாளிகளே. 'இல்லை' என்பதற்கு விலை கேட்பது எவ்வாறு தவறோ, 'ஆம்' என்பதற்கு விலை கேட்பதும் அவ்வாறே தவறாகும்.

சட்டம் செய்யாததைச் சமூகம் செய்ய இயலும். தோட்டத்துப் பிள்ளைக்கு நல்ல அரசாங்கப் பாடசாலையும், நோயாளிக்கு அண்மையில் வைத்தியசாலையும், தொழிலாளிக்குத் தன் பெயரில் ஒரு துண்டுக் காணியும் வீடும் இருக்குமாயின், எந்தச் சமயத்தவர் வந்து என்ன கூறினும் அவன் நிமிர்ந்து நின்று கேட்பான். விரும்பினால் ஏற்பான், விரும்பாவிடின் தேநீர் கொடுத்து அனுப்புவான். மதமாற்றத்தைக் கண்டு அஞ்சும் இந்துக்களும் பௌத்தரும் ஆற்ற வேண்டிய முதற்பணி இதுவே. தம் செய்தி மெய்யாகவே கேட்கப்பட வேண்டுமென விரும்பும் கிறிஸ்தவர் ஆற்ற வேண்டிய முதற்பணியும் இதுவே. இரு சாராரின் நோக்கங்கள் வேறாயினும், இருவரும் சென்று நிற்க வேண்டிய இடம் ஒன்றாக இருப்பது கவனிக்கத்தக்கது.

கண்டி மன்னன் வாஸ் அடிகளாரின் சமயத்தை ஏற்கவில்லை. அதனால் அடிகளாரின் பணி தோல்வியுற்றதென எவரும் கூறுவதில்லை. மன்னனால் மறுக்க முடிந்தது. மறுத்தபின்னும் இருவரும் ஒருவரையொருவர் மதித்தனர். ஓர் அரசனுக்குக் கிடைத்த அவ்வுரிமை, மூன்று நூற்றாண்டுகள் கடந்த பின்னரேனும், அதே மலைகளில் லயன் அறையொன்றில் வாழும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் கிடைத்தாக வேண்டும். அவளுடைய வாசலிலே நின்று எவர் எதைப் பேசினும், அவளால் அச்சமும் கூச்சமுமின்றி மறுக்க முடிகின்ற அந்நாளிலேதான், அவள் கூறும் 'ஆம்' என்னும் சொல்லுக்கும் பொருள் உண்டாகும்.